அத்துக் காட்டிய பிறகு வேலி: பக்கத்து நிலத்தாரோடு பொது எல்லையில் வேலியும் சுவரும் அமைக்கும் முறை

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில், ஐப்பசி மழைக்கு முன்னால் வேலி வேலையை முடித்துவிட வேண்டும் என்று ஆடி கழிந்த கையோடு கல்லுக்கும் கம்பிக்கும் விலை கேட்டு அலைபவர்கள் பலர். எல்லை சரியாக எந்த இடத்தில் ஓடுகிறது என்பதையும், அங்கேதான் ஓடுகிறது என்று பக்கத்து நிலத்தாரும் ஒப்புகிறாரா என்பதையும் அதற்கு முன்பே கேட்டுத் தெளிந்திருக்க வேண்டும். அந்தக் கேள்வியைப் பெரும்பாலோர் கல் ஊன்றிய பிறகுதான் எதிர்கொள்கிறார்கள்.

நானும் அப்படித்தான் செய்தேன். திருமங்கலத்துக்கு மேற்கே எங்கள் குடும்பத்துக்கு உள்ள புஞ்சையில், என் தந்தை காலத்திலிருந்து உயிர்வேலியாக நின்ற கிளுவை முள்மர வரிசையையே எல்லை என்று நம்பி, அதை ஒட்டி இருபத்திரண்டு கல் ஊன்றினேன். பக்கத்து நிலத்துக்காரர் உறவினர் அல்லர் என்றாலும் சிறு வயதிலிருந்து நான் சித்தப்பா என்று அழைப்பவர். அவர் சண்டைக்கு வரவில்லை. என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். ஓராண்டு கழித்து நில அளவர் வந்து அளந்தபோது, கிளுவை வரிசையின் வடக்கு முனை எல்லையில் இருப்பதும், தெற்கு முனை அவருடைய நிலத்துக்குள் இரண்டரை அடி தள்ளியிருப்பதும் தெரிந்தது. கற்களைப் பிடுங்கி மறுபடி ஊன்றினேன். "அளக்கப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் வந்து நின்னிருப்பேனேப்பா" என்று அவர் அன்று சொன்னதைக் கேட்ட பிறகுதான், வேலி வேலையை எந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது. கீழே எழுதுவது அந்த வரிசையில்தான் அமைந்திருக்கிறது.

ஆவணங்களைச் சேர்த்து வைத்துப் படித்தல்

உங்கள் கிரையப் பத்திரம், பட்டா, புல வரைபடம் ஆகிய மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும். எஃப்.எம்.பி. என்று அலுவலகங்களில் சொல்லப்படும் புல வரைபடத்தையும் பட்டாவையும் தமிழக அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையவழிச் சேவைத் தளத்தில் எடுத்துக்கொள்ளலாம். மாநகராட்சிக்கு உட்பட்ட பழைய பகுதிகளில் டி.எஸ்.எல்.ஆர். எனப்படும் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலைப் பெற வேண்டும். கிராம நத்தத்தில் உள்ள வீட்டுமனை என்றால், நத்தம் நில அளவையின்போது தயாரித்த வரைபடமும் பட்டாவும் தேவை. நத்தத்தில் வீட்டுக்கு வீடு பொதுச் சுவராக இருப்பது வழக்கம் என்பதால், அங்கே சுவர் யாருடையது என்று பத்திரத்தில் எழுதியிருக்கும் வரியைத் தேடிப் படிக்காமல் ஒரு செங்கல்லைக்கூடத் தொடக் கூடாது.

பத்திரத்தில் நான்கு மால், அதாவது நான்கு பக்க எல்லைகள், எழுதப்பட்டிருக்கும் முறையில் பலர் தடுமாறுகிறார்கள். 'இன்னாருடைய புஞ்சைக்குக் கிழக்கு' என்று எழுதியிருந்தால் அவருடைய புஞ்சை நமக்குக் கிழக்கே இருக்கிறது என்று பொருள் கொள்ளக் கூடாது. நம்முடைய நிலம் அவருடைய புஞ்சைக்குக் கிழக்கே இருக்கிறது என்பதே அதன் பொருள். ஆகவே அவர் நமக்கு மேற்கெல்லைக்காரர். இதைத் தலைகீழாகப் படித்துவிட்டுத் தவறான ஆளிடம் போய் வாதிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பத்திரம் முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முற்பட்டது என்றால், அதில் எல்லைக்காரராகச் சொல்லப்பட்டவரிடமிருந்து நிலம் இரண்டு மூன்று கை மாறியிருக்கும். அந்த நிலத்துக்கும் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்து, இன்றைய உரிமையாளர் யார் என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

அளவுகளைப் பொறுத்தவரை, பழைய புல வரைபடங்களில் பக்க நீளங்கள் லிங்க்ஸ் கணக்கிலும் புதியவற்றில் மீட்டர் கணக்கிலும் இருக்கும். ஒரு சங்கிலி என்பது 66 அடி, அதில் நூறு லிங்க்ஸ். ஆகவே ஒரு லிங்க் 0.66 அடி. வரைபடத்தில் 250 என்று இருந்தால் அந்தப் பக்கம் 165 அடி. பரப்பில், ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பட்டாவில் வரும் ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 2.47 சென்ட். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், பத்திரத்தில் உள்ள பரப்பும் பட்டாவில் உள்ள பரப்பும் ஒத்துப்போகின்றனவா என்பது தெரிந்துவிடும்.

ஒத்துப்போகவில்லை என்றால் பதற்றப்படத் தேவையில்லை. 1979-க்கும் 1987-க்கும் இடையே நடந்த யு.டி.ஆர். எனப்படும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது, ஏக்கரும் சென்ட்டும் ஹெக்டேருக்கும் ஏருக்கும் மாற்றப்பட்டன. பெயரும் பரப்பும் பிழையாக ஏறிய இடங்கள் மதுரை மாவட்டத்திலும் உண்டு. அத்தகைய பிழையை வருவாய்த் துறையில் மனுக் கொடுத்துத் திருத்திய பிறகு வேலிக்கு வருவதே முறை. பத்திரத்தில் எழுதிய பரப்புக்கும் நான்கு மாலுக்கும் முரண் இருந்தால், பொதுவாக எல்லைகளுக்கே நீதிமன்றங்கள் முதன்மை தருகின்றன. ஆகவே 'எனக்கு இன்னும் மூன்று சென்ட் வர வேண்டும்' என்ற கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு பக்கத்து நிலத்துக்குள் கயிறு பிடிக்க இயலாது.

கூட்டுப்பட்டாவாக இருந்தால் ஒரு தடை உண்டு. உட்பிரிவு செய்யப்படாத, அதாவது பங்குகளைத் தனித்தனியாக அளந்து பதிவு செய்யாத நிலத்தில் உங்கள் பங்கின் எல்லை புல வரைபடத்தில் வரையப்பட்டிருக்காது. வரைபடத்தில் இல்லாத கோட்டை அளவரால் காட்ட முடியாது. அண்ணன் தம்பிகள் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு உழுதுவரும் நிலங்கள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் இருக்கின்றன. முதலில் பாகப்பிரிவினைப் பத்திரம், அடுத்து உட்பிரிவும் தனிப்பட்டாவும், அதற்குப் பிறகே வேலி.

பக்கத்து நிலத்தாரிடம் பேசுதல்

அளவைக்கு மனுக் கொடுப்பதற்கு முன்பே அவருடைய வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள். அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வந்து அதைப் படித்துத் தெரிந்துகொள்பவருக்கு, தம்மீது ஏதோ புகார் கொடுக்கப்பட்டதாகத்தான் தோன்றும். மாமா என்றோ அண்ணே என்றோ மதனி என்றோ வழக்கமாக எப்படி அழைப்பீர்களோ அப்படியே அழைத்து, "வேலி போடலாம்னு இருக்கேன், அதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் நின்னு அளந்துக்கிருவோம்" என்று சொல்வதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. எல்லை எங்கே என்ற முடிவை அந்தப் பேச்சில் நீங்கள் அறிவிக்கக் கூடாது. 'உங்கள் வரப்பு என் நிலத்தில் இருக்கிறது' என்று தொடங்கினால், அளவர் வருவதற்கு முன்பே அவர் தம் பக்கத்து நியாயங்களைச் சேர்க்கத் தொடங்கிவிடுவார்.

யாரிடம் பேசுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர் நல்லவராக இருக்கலாம். ஆனால் எல்லைக்கு ஒப்புதல் தரும் உரிமை அவருக்கு இல்லை. உரிமையாளர் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருந்தால் தொலைபேசியில் பேசி, அவர் சார்பில் வந்து நிற்பவரின் பெயரை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உரிமையாளர் இறந்து, வாரிசுகளின் பெயரில் பட்டா மாறாமல் இருந்தால், வாரிசுகள் அனைவருக்கும் தெரிவிப்பதே பாதுகாப்பு. ஊரில் இருக்கும் மூத்த மகன் தலையசைத்துவிட்டதாலேயே, திருமணமாகி உசிலம்பட்டிக்கோ மேலூருக்கோ போய்விட்ட மகளின் உரிமை இல்லாமல் போய்விடாது.

அளந்து அத்துக் காட்டுதல்

எல்லையை அளந்து கல்லிட்டுக் காட்டுவதை வருவாய்த் துறை மொழியில் அத்துக் காட்டுதல் என்பார்கள். இதற்கான மனுவை இணையவழியாகவோ இ-சேவை மையத்திலோ உரிய கட்டணம் செலுத்திப் பதிவு செய்யலாம். தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் 1923-ஆம் ஆண்டைச் சேர்ந்தது; நிலத்தில் உள்ள அளவைக் கற்களைக் காக்கும் கடமையை அது நில உரிமையாளர் மீதே வைக்கிறது. கல் காணாமல் போயிருந்தால் அதை மறுபடி நட்டுத் தருமாறும் இதே மனுவில் கேளுங்கள்.

அளவர் வரும் நாளுக்கு முன்பாக எல்லை நெடுகிலும் முள்ளையும் புதரையும் வெட்டி, சங்கிலியோ நாடாவோ நேராக ஓடும்படி பாதை எடுத்து வைக்க வேண்டும். சீமைக்கருவேலம் மண்டிய எல்லையில், இந்த ஒரு வேலை செய்யாததாலேயே அளவர் திரும்பிப் போன நாட்கள் உண்டு. புலத்தின் மூலைகளில், குறிப்பாக மூன்று புலங்கள் கூடும் இடங்களில், பழைய கற்கள் மண்ணுக்குள் புதைந்திருக்கும். ஊரில் வயதானவர்களைக் கேட்டு அவற்றைத் தோண்டி வெளியே தெரியும்படி செய்யுங்கள். அளவர் உங்கள் வரப்பிலிருந்தோ வேப்ப மரத்திலிருந்தோ அளக்கத் தொடங்க மாட்டார். உறுதியான கற்களைப் பிடித்து, வரைபடத்தில் உள்ள கோட்டையும் குறுக்களவையும் கொண்டே எல்லைக்கு வருவார். ஒரு கல் மட்டும் கிடைத்து, அது பிற்காலத்தில் யாரோ நகர்த்தி வைத்ததாக இருந்தால், அந்தப் பிழை முழுக்கோட்டையும் சாய்த்துவிடும். ஆகவே குறைந்தது இரண்டு மூன்று கற்களிலிருந்து சரிபார்க்கும்படி பணிவாகக் கேட்பதில் தவறில்லை.

தனியார் அளவர்கள் மின்னணுக் கருவிகளோடு வந்து ஒரு மணி நேரத்தில் அளந்து தருகிறார்கள். செலவுத் திட்டம் போடுவதற்கு அது உதவும் என்றாலும், பக்கத்து நிலத்தாரைக் கட்டுப்படுத்தும் மதிப்பு அதற்குக் கிடையாது. அத்துக் காட்டும் அன்று இரு தரப்பும், முடிந்தால் கிராம நிர்வாக அலுவலரும் உடன் இருக்க வேண்டும். அளவர் எழுதும் அறிக்கையில் இருவரும் கையெழுத்திட்டு, நகல் ஒன்றைப் பெற்றுக்கொள்ளுங்கள். நட்ட ஒவ்வொரு கல்லையும், அருகே உள்ள கிணற்று மேடை, பனைமரம் போன்ற நகராத ஒன்றிலிருந்து இத்தனை அடி என்று நாடாவால் அளந்து, படமும் எடுத்து வைத்தால், பிறகு டிராக்டர் இடித்துக் கல் சாய்ந்தாலும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். அரசு நட்ட எல்லைக் கல்லைப் பிடுங்குவதும் நகர்த்துவதும், பாரதிய நியாய சன்ஹிதாவின்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்பதை இரு தரப்பும் அறிந்திருக்கட்டும்.

கோட்டின் மேலா, கோட்டுக்கு உள்ளேயா

எல்லை தெரிந்த பிறகு முடிவெடுக்க வேண்டிய முதல் செய்தி இது. இருவரும் செலவைப் பாதியாகப் பகிர்ந்துகொண்டு கோட்டின் மேலேயே வேலி அமைப்பது ஒரு வழி. ஒருவர் முழுச் செலவையும் ஏற்றுத் தம் நிலத்துக்குள்ளேயே அமைத்துக்கொள்வது இன்னொரு வழி. என் கருத்தில், கல்லும் கம்பியுமான வேலி கோட்டின் மேல் பொதுவாக நிற்கலாம். அதைப் பின்னால் நகர்த்துவதும் எளிது. சுவர் எழுப்புபவர் தம் நிலத்துக்குள் தள்ளியே எழுப்ப வேண்டும். உயிர்வேலி வைப்பவர் இரண்டு மூன்று அடி உள்ளே நட வேண்டும், ஏனெனில் பத்தாண்டுகளில் அது நட்ட வரிசையிலிருந்து இரு பக்கமும் பருத்துவிடும். எங்கள் கிளுவை வரிசை எல்லையை விட்டு நகர்ந்ததும் அப்படித்தான்: காய்ந்த இடங்களில் எல்லாம் ஒவ்வொரு முறையும் சற்று வெளியே தள்ளி மறுநடவு செய்திருக்கிறார்கள்.

சுவரைப் பற்றிய கணக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒன்பது அங்குலச் சுவருக்கு இரண்டடி அகலத்தில் வானம், அதாவது கடைக்கால் பள்ளம், தோண்டி நடுவில் சுவரை ஏற்றினால், கடைக்கால் இரு பக்கமும் ஏழரை அங்குலம் வெளியே நீளும். சுவரின் வெளிமுகத்தை எல்லைக் கோட்டில் நிறுத்திவிட்டு 'என் நிலத்துக்குள்தான் கட்டியிருக்கிறேன்' என்று ஒருவர் மனமார நம்பலாம்; ஆனால் மண்ணுக்கடியில் ஏழரை அங்குலம் பக்கத்து மனைக்குள் போயிருக்கும். அவர் வீடு கட்ட வானம் தோண்டும் நாளில் அது வெளிப்படும். அதனால் கடைக்காலின் வெளி விளிம்பைத்தான் கோட்டுக்குள் நிறுத்த வேண்டும். இடம் மிகக் குறுகலாக இருந்தால், ஒரு பக்கமாகவே நீளும் கடைக்காலைப் பொறியாளரைக் கொண்டு வடிவமைக்க வேண்டும். சுவரின் தலைப்பில் வரும் நீட்டலும், அதிலிருந்து சொட்டும் மழைநீரும் உங்கள் பக்கமே விழும்படி சரிவு கொடுங்கள். வெளிமுகத்தைப் பூச வேண்டும் என்றால் சாரம் அவருடைய மனையில்தான் நிற்கும். அதற்கான அனுமதியைச் சுவர் எழும்பும் முன்பே கேட்டு வாங்குங்கள்.

வாஸ்துவுக்காக வடகிழக்கு மூலையை ஓர் அடி இழுத்து நீட்டச் சொல்பவர்கள் உண்டு. நம்பிக்கை உள்ளவர் தம் நிலத்தின் மற்ற மூலைகளைக் குறுக்கி அந்த வடிவத்தைப் பெறட்டும். பக்கத்து மனையிலிருந்து எடுப்பதற்கு அது காரணமாகாது.

வளைந்து நெளிந்து ஓடும் எல்லையை நேராக்கிக்கொள்ளலாம் என்று இருவரும் விரும்பினால், வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திடுவது போதாது. நிலம் கை மாறுகிறது என்பதால் பரிவர்த்தனைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்து, உட்பிரிவும் செய்துகொள்ள வேண்டும். நிலம் கை மாறாமல் வேலியைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வதானால் முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தம் எழுதி, இரு தரப்பும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்டால் போதும். புல எண், அத்துக் காட்டிய தேதி, வேலி கோட்டிலிருந்து எத்தனை அடியில் நிற்கிறது, செலவில் யாருக்கு எத்தனை பங்கு, பின்னால் பழுது பார்ப்பது யார், நிலத்தை விற்றால் வாங்குபவருக்கு இதைத் தெரிவிப்பது ஆகியவை அதில் இருக்க வேண்டும். வேலி கோட்டுக்கு உள்ளே நிற்கிறது என்றால், வேலிக்கு வெளியே மிச்சமுள்ள துண்டு யாருடையது என்பதையும் கட்டாயம் எழுதுங்கள். பன்னிரண்டு ஆண்டுகள் தமக்கே உரியதாக வெளிப்படையாக அனுபவித்துவந்தவர் அதன் மீது எதிரிடை அனுபவ உரிமை கோர இடமுண்டு; இந்த ஒரு வரி அதைத் தடுக்கும்.

எந்த வேலி

மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணிலும் திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கத்துக் கரிசலிலும் ஒரே முறையில் வேலி அமைக்க முடியாது. கரிசல் மழையில் பொதுமிக் கோடையில் வெடிக்கும் மண். அதில் ஒன்றரை அடியில் ஊன்றிய கல் இரண்டே ஆண்டுகளில் சாயும். செம்மண்ணில் ஏழடிக் கல்லை இரண்டடி ஆழத்தில் ஊன்றினால் நிற்கும். கரிசலில் எட்டடிக் கல் வாங்கி இரண்டரை அடிக்குக் குறையாமல் இறக்கி, குழியைச் சுற்றிச் சரளை போட்டுக் கெட்டிக்க வேண்டும். மூலைக் கல்லுக்கும் வாசல் கல்லுக்கும் இரு மண்ணிலும் கான்கிரீட் தேவை.

முதலில் இரண்டு மூலைக் கற்களை ஊன்றி, இடையே நூல் கட்டி, நூலை ஒட்டியே மற்ற கற்களை எட்டடி முதல் பத்தடிக்கு ஒன்றாக நிறுத்துங்கள். முன்பு சொன்ன 165 அடிப் பக்கத்துக்கு எட்டடி இடைவெளியில் 21 இடைவெளிகளும் 22 கற்களும் வரும். பத்துக் கல்லுக்கு ஒன்றுக்கும், மூலைக் கற்களுக்கும் சாய்வாக முட்டுக்கல் கொடுக்க வேண்டும். முட்டுக்கல் உங்கள் நிலத்துப் பக்கமே இறங்கட்டும். ஐந்து வரி முள்கம்பியும், இடைவெளிக்கு இரண்டு குறுக்குக் கம்பியும் இழுத்தால், இந்த நீளத்துக்கு ஏறக்குறைய 1,200 அடிக் கம்பி வேண்டும். கம்பி எடைக்கணக்கில் விற்கப்படுவதால், ஒரு கிலோவுக்கு எத்தனை மீட்டர் வரும் என்று கடையில் கேட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள். கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிமனாகும்: 14 கேஜ் இரண்டு மில்லிமீட்டர் அளவு, 12 கேஜ் 2.64 மில்லிமீட்டர். துத்தநாக முலாம் மெலிந்த மலிவுக் கம்பி சில மழைக்காலங்களிலேயே துருப்பிடிக்கும் என்பதால் அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஆடு வளர்ப்பவர் பக்கத்தில் இருந்தால் முள்கம்பியைவிடக் கம்பிவலை நல்லது. ஆட்டுக்கும் காயம் இல்லை, அவரோடு மனத்தாங்கலும் இல்லை.

உயிர்வேலியில் எனக்குத் தனி விருப்பம் உண்டு. கிளுவை இந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகியது. முள்ளும் கிளையுமாக அடைத்துக்கொள்ளும். கழிக்கும் தழையை ஆடு தின்னும். மூன்று நான்கடி நீளமுள்ள முற்றிய போத்துகளை, அதாவது நடுவதற்கான கிளைத் துண்டுகளை, வெட்டி, மழைக்காலத் தொடக்கத்தில் மண் நனைந்ததும், ஓரடிக்கு ஒன்றாக, ஓரடி ஆழத்தில் நட்டு, குறுக்கே வரிச்சு வைத்துக் கட்ட வேண்டும். முதல் ஆண்டு ஆடு வாய் வைக்காமல் முள் வெட்டிப் போட்டுக் காக்க வேண்டும். அதனால்தான் கல்வேலி போட்டு உள்பக்கம் கிளுவை நடுவது நல்ல வழி என்கிறேன். கல் சாயும் காலத்தில் கிளுவை வேலியாக நிற்கும். கொடுக்காப்புளி, நொச்சி, ஆனைக்கற்றாழை ஆகியவையும் பொருந்தும். திருகுகள்ளியின் பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு செய்யும் என்பதால், குழந்தைகள் உள்ள வீட்டருகே அது வேண்டாம். சீமைக்கருவேலத்தை வேலிக்கென்று விடுவதும் கூடாது. அதன் விதை ஆடுமாட்டின் வயிற்று வழியே பக்கத்து நிலம் முழுவதும் பரவும். எல்லையில் பனை நின்றால் அதை விட்டுவிட்டே வேலியை அமைக்கவும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது.

கரிசலில் சுவர் எழுப்புபவர்கள் உறுதியான மண் தட்டும்வரை வானம் தோண்டி, தரைமட்டத்தில் கான்கிரீட் பெல்ட் போட்டு, பத்தடிக்கு ஒரு தூண் நிறுத்தி, முப்பது நாற்பது அடிக்கு ஓர் இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும். புறநகர் மனைகளில் ஒருவர் நான்கடி மண் அடித்து மனையை உயர்த்துவதும், அந்த மண்ணின் பாரம் முழுவதும் பக்கத்துக்காரரின் ஒன்பது அங்குல எல்லைச் சுவரில் சாய்வதும் அடிக்கடி நடக்கிறது. எல்லைச் சுவர் மண்ணைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்டதன்று. ஒரு பெருமழையில் அது மொத்தமாகச் சரியும். மண் அடிப்பவர் தம் செலவில், தம் நிலத்துக்குள், தாங்கு சுவர் கட்டிக்கொள்வதே நியாயம். மாநகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் சுவரின் உயரத்தையும் தெருவை ஒட்டிய பக்கத்தையும் பற்றி முன்கூட்டியே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

காட்டுப்பன்றிக்காக வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சுவது குற்றம்; இரவில் மடை திறக்கப் போகும் பக்கத்து நிலத்தாரையே அது கொன்றுவிடும். சூரிய மின்வேலி கண நேரத் துடிப்புகளாக மட்டும் மின்சாரம் அனுப்பும் தனிக் கருவியால் இயங்குவது. அதையும் உரிய அனுமதியோடும், எச்சரிக்கைப் பலகையோடும், பக்கத்து நிலத்தாருக்குச் சொல்லிவிட்டுமே அமைக்க வேண்டும்.

வேலி மறிக்கக் கூடாதவை

பெரியாறு கால்வாய்ப் பாசனத்திலும் கண்மாய்ப் பாசனத்திலும் உள்ள வயல்களில், தண்ணீர் ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குப் போகிறது. அங்கே மடையையும் வாய்க்காலையும் மறித்துச் சுவர் எழுப்பினால் மேலே உள்ளவருக்கு நீர் தேங்கும், கீழே உள்ளவருக்குப் பயிர் காயும். நஞ்சையில் பொது வரப்பின் மீது வேலி போடாமல் விடுவதே இந்தப் பக்கத்து வழக்கம், அது தொடர வேண்டும். புஞ்சையில்கூட மழைநீர் இயல்பாக ஓடும் பள்ளத்தில் சுவருக்கு அடியில் தக்க அளவில் குழாய் பதிக்க வேண்டும்.

பங்குக் கிணறு உள்ள நிலத்தில் இன்னும் கவனம் தேவை. கிணற்றில் பங்குள்ளவருக்கு அங்கே போகும் நடைபாதையும், குழாய் கொண்டுபோகும் வழியும், மோட்டார் அறைக்கான இடமும் பெரும்பாலும் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்கும். வேலியில் அதற்குத் திறப்பு விட வேண்டும். பத்திரத்தில் இல்லாவிட்டாலும், 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின்படி, இருபது ஆண்டுகள் இடையறாமல் உரிமையோடு பயன்படுத்திய பாதைக்கு உரிமை பிறக்கலாம். ஓடை, கண்மாய்ப் புறம்போக்கை ஒட்டிய எல்லையில் புறம்போக்குக்குள் ஓரடிகூட நீட்டாதீர்கள். 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீர்நிலை ஆக்கிரமிப்பு அகற்றப்படும்.

உடன்பாடு வரவில்லை என்றால்

அளவையை அவர் ஏற்கவில்லை என்றால், மேலதிகாரியைக் கொண்டு மறு அளவை செய்யக் கோரி மனுக் கொடுக்கலாம். அதுவும் தீராதபோது, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுத்தால், கட்டணமின்றி இரு தரப்பையும் அழைத்துப் பேசுவார்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஏற்பட்டுத் தீர்ப்பாக எழுதப்பட்டால் அதன் மேல் மேல்முறையீடு இல்லை. எல்லைத் தகராற்றைக் காவல் நிலையம் தீர்த்துவைக்காது. உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனால், நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையரும் அளவரும் வந்து மறுபடி அதே கல்லிலிருந்துதான் அளப்பார்கள். ஆண்டுகள் பல கழியும். வழக்கு நிலுவையில் இருக்கும்போது இரவோடு இரவாக வேலி போட்டால், உண்மையில் உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் அது கெட்டுவிடும்.

வேலி முடிந்த பிறகு

முதல் ஐப்பசி, கார்த்திகை மழை கழிந்ததும், தை மாதத்தில் எல்லை முழுவதும் ஒருமுறை நடந்து பாருங்கள். மண் இளகியதால் சாய்ந்த கல்லை நிமிர்த்தி, தொய்ந்த கம்பியை இழுத்துக் கட்டி, காய்ந்த கிளுவைப் போத்துக்குப் பதில் அடுத்த மழைக்கு நட வேண்டிய இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கிளுவையைக் கழிக்கும்போது வெளிப்பக்கத்துக் கிளைகள் பக்கத்து நிலத்தில்தான் விழும். ஆகவே கழிக்கும் நாளை முன்கூட்டியே அவரிடம் சொல்லி, அவர் பக்கம் விழுந்த முள்ளை அன்றே பொறுக்கி எடுத்து, தழையை அவருடைய ஆடுகளுக்குக் கொடுங்கள். நாங்கள் இப்போது ஒவ்வொரு தை மாதமும் சித்தப்பாவோடு சேர்ந்தே எல்லையை நடந்து பார்க்கிறோம். போன முறை தெற்கு மூலைக் கல் சாய்ந்திருப்பதை அவர்தான் முதலில் பார்த்துச் சொன்னார்.